சுகர், பிரஷர், உடல் பருமன்: மூன்றுக்கும் பின்னால் ஒரே நோய் இருக்குமா?

கேள்வி: எனக்கு வயது 36. விருதுநகர் மாவட்டத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் 57 கிலோவாக இருந்த எடை இப்போது 78 கிலோ. முகமும் வயிறும் பெருத்துவிட்டன. கைகால்கள் மட்டும் மெலிந்துகொண்டே போகின்றன. அடிவயிற்றிலும் தொடையிலும் நாவற்பழ நிறத்தில் அகலமான கோடுகள் விழுந்திருக்கின்றன. வாசலில் குந்தி உட்கார்ந்து கோலம் போட்டால் கதவு நிலையைப் பிடிக்காமல் எழ முடிவதில்லை. வளையல் போடும்போது அழுத்திய இடம்கூடக் கன்றிப்போகிறது. இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை, சர்க்கரைக்கு ஒன்று சாப்பிடுகிறேன். 14 மாதங்களாக மாதவிடாய் வரவில்லை. முதல் மருத்துவர் சினைப்பை நீர்க்கட்டி என்றார். இரண்டாமவர் நடைப்பயிற்சி போதவில்லை என்றார். மூன்றாமவர் குஷிங் நோயோ என்று சந்தேகப்பட்டுக் காலையில் இரத்தத்தில் கார்ட்டிசால் ஹார்மோன் பார்த்தார். 17 என்று வந்ததும், நார்மல் என்று விட்டுவிட்டார். தம்பியின் வற்புறுத்தலால் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் 4 மி.மீ. புள்ளி ஒன்று தெரிகிறதாம். ஒருவர் உடனே ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் ஒன்றுமே இல்லை என்கிறார். இடையில் முட்டு வலிக்கு இரண்டு முறை ஊசி போட்டுக்கொண்டேன், முகக் கருமைக்கு ஒரு கிரீம் தடவுகிறேன். அவற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன். இரவில் தூக்கம் இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது. வாயைக் கட்டத் தெரியாதவள் என்று வீட்டில் சொல்கிறார்கள். இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்படலாமா? யாரை நம்புவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நோயின் பெயரை நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தாலும், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுவதாக எழுதியிருக்கும் அந்த ஒரு வரி என்னை நிமிர்ந்து உட்கார வைத்திருக்கும். சாதாரணமாக எடை கூடியவருக்கு மூச்சு வாங்கும், முழங்கால் வலிக்கும். ஆனால் தொடைத் தசையும் இடுப்புத் தசையும் வலுவிழந்து, குந்திய நிலையிலிருந்து எழவே முடியாமல் போவது வேறு விஷயம். உடம்பு பெருக்கும்போது கைகால் மெலிவது, தொட்ட இடமெல்லாம் கன்றுவது, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான ஊதாக் கோடுகள் விழுவது ஆகிய இவை எல்லாம் ஒன்றாகச் சேரும்போது, உடம்பில் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் நீண்ட காலமாக மிகையாக இருந்திருக்கிறது என்ற சந்தேகம் வலுக்கிறது. பிரசவத்தில் விழுந்த கோடுகள் நாளடைவில் வெளுத்துவிடும். உங்கள் கோடுகள் ஊதா நிறத்திலேயே இருப்பதற்குக் காரணம், தோல் அவ்வளவு மெலிந்து அடியில் ஓடும் இரத்தம் வெளியே தெரிவதுதான். நம்மவர்களின் மாநிறத்தில் முகச் சிவப்பு எளிதில் தெரியாது. அதனால் எங்கள் கண்ணும் சில சமயம் ஏமாந்துவிடுகிறது.

ஆகவே முதலில் ஒன்றை உங்கள் வீட்டார் காதிலும் விழும்படி சொல்லிவிடுகிறேன். இது குஷிங்தான், அதாவது இந்தக் கார்ட்டிசால் மிகுதிதான், என்று உறுதியானால், உங்கள் எடைக்கு உங்கள் நாக்கு காரணம் அல்ல. கார்ட்டிசால் மிகும்போது உடம்பு தசையைக் கரைத்துக் கொழுப்பைச் சேர்க்கிறது, அந்தக் கொழுப்பையும் வயிற்றிலும் முகத்திலும் பிடரியிலும் கொண்டுபோய் வைக்கிறது, பசியையும் தூண்டிவிடுகிறது. இப்படிப்பட்ட உடம்பை நடைப்பயிற்சியால் மட்டும் சரிசெய்துவிட முடியாது. எத்தனையோ பெண்கள் காலை ஐந்து மணிக்கு எழுந்து நடந்து, இரவுச் சாப்பாட்டையும் விட்டு, அப்படியும் எடை குறையாமல், தங்களையே நொந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் கழித்த பிறகு எங்களிடம் வருகிறார்கள். அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் கண்டுபிடிக்கப்படும் வரை உலகெங்கும் சராசரியாக ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகின்றன. உங்களுக்கும் அதே மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருக்கின்றன.

சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளே கார்ட்டிசாலைச் சுரக்கின்றன. அவற்றுக்கு ஆணையிடுவது மூளையின் அடியில், மூக்கின் மேற்புறத்துக்கு நேர் பின்னால், பட்டாணி அளவே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. அது அனுப்பும் ஆணையின் பெயர் ஏ.சி.டி.எச். கார்ட்டிசால் எந்தக் காரணத்தால் மிகுந்தாலும் அதைக் குஷிங் சிண்ட்ரோம் என்கிறோம். பிட்யூட்டரியில் தோன்றும் சிறு கட்டி ஒன்று ஏ.சி.டி.எச்.சை அளவின்றிச் சுரந்து அந்த நிலையைக் கொண்டுவந்தால் மட்டுமே அது குஷிங் நோய். அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், 23 வயதுப் பெண் ஒருவரிடம் இதே அறிகுறிகளைக் கண்டு 1912-இல் எழுதினார். இதன் பின்னால் பிட்யூட்டரிக் கட்டி இருக்கிறது என்று 1932-இல் விரிவாக விளக்கினார். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேருக்கே புதிதாக வரும் அரிய நோய் இது. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். ஒரு பொது மருத்துவர் தம் வாழ்நாளில் ஒன்றிரண்டு பேரைப் பார்த்தாலே அதிகம் என்பதால், முதல் இரு மருத்துவர்கள் மீது கோபப்பட வேண்டாம். மாதவிடாய் நிற்பது, முகத்தில் முடி வளர்வது, எடை கூடுவது எல்லாம் சினைப்பை நீர்க்கட்டியிலும் உண்டு. தசை பலவீனமும் தோல் மெலிவும்தான் அதில் கிடையாது.

இனி, சம்பந்தம் இருக்காது என்று நீங்கள் ஒதுக்கிவிட்ட ஊசிக்கும் கிரீமுக்கும் வருகிறேன். நேரில் வந்திருந்தால் நான் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வியே அதுதான். உலகில் குஷிங் சிண்ட்ரோம் வருவதற்கு மிகப் பெரிய காரணம் பிட்யூட்டரியும் அல்ல, அட்ரீனலும் அல்ல. வெளியிலிருந்து உள்ளே போய்க் கார்ட்டிசாலைப் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்துதான். முட்டு வலிக்கு மூட்டுக்குள் போடும் ஊசிகள் பெரும்பாலும் ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தவை. ஒரே ஊசி பல வாரங்கள் உடம்பில் வேலை செய்யும். முகக் கருமைக்கென்று மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் பல கிரீம்களில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. ஆஸ்துமாவுக்கும் மூட்டு வலிக்கும் பெயரில்லாப் பொட்டலத்தில் தரப்படும் சூரணங்கள் சிலவற்றிலும் அது கலந்திருந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். மூன்று நாளில் வலி மாயமாக மறைந்து, பசி எடுத்து, முகம் பளபளத்தால் அந்தப் பொட்டலத்தைச் சந்தேகிக்க வேண்டும். இதற்காகச் சித்த மருத்துவத்தைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லாமல் கலப்பவர்களையே குறை சொல்கிறேன்.

வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டை, கிரீம் குழாய், சொட்டு மருந்து, மூக்கில் அடிக்கும் ஸ்பிரே, உறிஞ்சும் மருந்து, பொட்டலம் எதையும் விடாமல் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள். பெட்டாமெத்தசோன், டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், குளோபெட்டசால், டிரையாம்சினலோன் என்ற பெயர்களை அவர் தேடிப் பார்ப்பார். ஊசி போட்ட இடத்தில் மருந்தின் பெயரையும் தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: இவற்றில் ஸ்டீராய்டு இருப்பது தெரியவந்தாலும், நீங்களாகவே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த மருந்தை நம்பி உங்கள் அட்ரீனல் தூங்கிப்போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகக் குறைப்பது மருத்துவரின் கையில் நடக்க வேண்டிய காரியம்.

வெளி ஸ்டீராய்டு இல்லை என்றோ, இவ்வளவு மாற்றத்துக்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது என்றோ தெளிவானால்தான் அடுத்த படிக்குப் போகலாம். கார்ட்டிசால் உண்மையில் மிகுந்திருக்கிறதா என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும். மிகுந்திருந்தால் எங்கிருந்து மிகுகிறது என்பதை அடுத்துத் தேட வேண்டும். உங்கள் விஷயத்தில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. முதல் கேள்விக்கே விடை தெரியாமல் தலையைப் படமெடுத்துவிட்டார்கள். நோயே இல்லாத பெரியவர்களை எம்.ஆர்.ஐ.யில் படுக்க வைத்தாலும் பத்தில் ஒருவருக்குப் பிட்யூட்டரியில் இப்படியொரு சிறு புள்ளி தெரியும். அவர்கள் வாழ்நாள் முழுவதும் அதனால் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பார்கள். மறுபக்கம், குஷிங் நோய் உறுதியானவர்களிலேயே கணிசமானோருக்குக் கட்டி மிகச் சிறியதாக இருப்பதால் படத்தில் ஒன்றும் தெரிவதில்லை. எனவே அந்த 4 மி.மீ. புள்ளியை மட்டும் வைத்து ஆபரேஷன் என்று சொன்னவரும் அவசரப்பட்டுவிட்டார், ஒன்றுமே இல்லை என்று சொன்னவரும் அவசரப்பட்டுவிட்டார். நான் பயிற்சியில் இருந்த காலத்தில் இதே தவற்றைச் செய்திருக்கிறேன். படத்தில் புள்ளியைப் பார்த்தவுடன் நோயாளியிடம் கட்டி இருப்பதாகச் சொல்லிவிட்டேன். பரிசோதனைகள் எல்லாம் இயல்பு என்று வந்த பிறகும் அந்தப் பெண்மணியின் மனத்திலிருந்து கட்டி என்ற சொல்லை எடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து, கார்ட்டிசால் மிகுதி நிரூபணமாகாமல் நான் யாருக்கும் தலைப் படம் எழுதித் தருவதில்லை.

காலையில் எடுத்த 17 என்ற அளவு உங்களைப் பற்றி எதையும் சொல்லவில்லை. கார்ட்டிசாலுக்கு ஒரு நாள் ஓட்டம் உண்டு: விடியும் வேளையில் உச்சத்துக்குப் போய், பகல் முழுக்கச் சரிந்து, நள்ளிரவில் ஏறக்குறைய அடித்தட்டுக்கு வந்துவிடும். குஷிங்கில் முதலில் கெடுவது இந்த இரவு இறக்கம்தான். காலை அளவு எல்லோரையும் போலவே இருக்கலாம். காலையில் அளந்துவிட்டு நார்மல் என்பது, அடிமட்டத்தில் ஓட்டை உள்ள தொட்டியை நிரம்பியிருக்கும் நேரத்தில் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்பதைப் போன்றது. ஆகவே மூன்று வேறு பரிசோதனைகளில் இரண்டையாவது செய்ய வேண்டும். இரண்டும் ஒரே திசையைக் காட்ட வேண்டும்.

முதலாவது, டெக்ஸாமெத்தசோன் அடக்கல் பரிசோதனை. இரவு 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன், அதாவது 0.5 மி.கி. மாத்திரை இரண்டு, விழுங்கிவிட்டு மறுநாள் காலை 8 முதல் 9 மணிக்குள் இரத்தம் கொடுக்க வேண்டும். ஆரோக்கியமான பிட்யூட்டரி அந்த மாத்திரையைக் கண்டு ஆணையை நிறுத்திவிடும், கார்ட்டிசால் 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே விழும். விழாவிட்டால் சந்தேகம் வலுக்கும். ஆனால் 1.8 என்ற இந்த எல்லைக் கோடு நோயைத் தவறவிடாமல் இருக்கும்படி மிகத் தாழ்வாகப் போடப்பட்டது. நோயில்லாதவர்களில் சிலரும் இதைத் தாண்டுவார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கார்ட்டிசாலைச் சுமக்கும் புரதம் கூடிவிடுவதால் அளவு பொய்யாக ஏறும். சுமார் ஆறு வாரம் நிறுத்திய பிறகே சோதிக்க வேண்டும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை டெக்ஸாமெத்தசோனை வேகமாக எரித்துவிடுவதால் அப்போதும் முடிவு பொய்யாகும். மாதவிடாயை வரவழைக்க உங்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். 14 மாதமாக வராமல் இருந்தாலும் கர்ப்பம் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்வதும் அவசியம்.

இரண்டாவது, 24 மணி நேரச் சிறுநீரில் கார்ட்டிசால். கேட்பதற்கு எளிது, கெடுவதற்கும் எளிது. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் பகலிலும் இரவிலும் போகும் ஒவ்வொரு துளியும், மறுநாள் காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் உட்பட, ஆய்வகம் தரும் கேனுக்குள் போக வேண்டும். கேனைக் குளிர்ச்சியான இடத்தில் வைத்திருங்கள். அன்றைக்கென்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிடாதீர்கள். ஒரே ஒரு முறை விட்டுப்போனாலும் கணக்குக் கெட்டுவிடும். அப்படி நேர்ந்தால் மறைக்காமல் சொல்லிவிட்டு இன்னொரு நாள் எடுங்கள். நாளுக்கு நாள் அளவு மாறும் என்பதால் இதை இரண்டு முறையாவது செய்ய வேண்டும்.

மூன்றாவது, இரவு எச்சில் பரிசோதனை. படுக்கப் போகும் நேரத்தில், 11 மணிக்கு மேல், ஆய்வகம் கொடுக்கும் பஞ்சுச் சுருளை ஓரிரு நிமிடம் வாயில் அடக்கி, குழாய்க்குள் திரும்பப் போட்டு மூடிவைக்க வேண்டும். அதற்குச் சற்று முன் சாப்பிடவோ பல் துலக்கவோ கூடாது. ஈறில் கசியும் இரத்தம் அளவை ஏற்றிவிடும். ஸ்டீராய்டு கிரீம் தடவிய விரல் பஞ்சில் பட்டாலும் பொய்யாக ஏறும். இதையும் இரண்டு இரவுகள் எடுக்க வேண்டும். பெரிய ஆய்வகங்களில்தான் இந்த வசதி இருக்கிறது. இரவுப் பணி பார்ப்பவர்களுக்கு இது பொருந்தாது. உங்களுக்குப் பொருந்தும்.

மனச்சோர்வு, மதுப்பழக்கம், கட்டுக்கடங்காத சர்க்கரை, மிகுந்த உடல் பருமன் ஆகியவற்றிலும் கார்ட்டிசால் ஓரளவு கூடும். மாறாக, நோய் இருந்தும் சில வாரங்கள் ஏறி, சில வாரங்கள் இறங்கும் வகையும் உண்டு. அதனால் ஒரு முறை இயல்பாக வந்துவிட்டது என்பதற்காக இத்தனை அறிகுறிகள் உள்ள ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. முடிவுகள் முரண்பட்டால் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதுதான் முறை. கார்ட்டிசால் மிகுதி ஐயமின்றி நிரூபணமான பிறகே ஏ.சி.டி.எச். பார்க்க வேண்டும். அது அடிமட்டத்தில் இருந்தால் குறை அட்ரீனலில். அப்போது வயிற்றைத்தான் படமெடுக்க வேண்டும், தலையை அல்ல. 20 பிகோகிராமுக்கு மேல் இருந்தால் ஆணை பிட்யூட்டரியிலிருந்தோ, அரிதாக நுரையீரல் போன்ற வேறிடத்துக் கட்டியிலிருந்தோ வருகிறது என்று பொருள். இந்த ஹார்மோன் வெயிலில் வைத்த பூப்போல் வாடிவிடும். குளிரூட்டிய குழாயில் எடுத்து, ஐஸில் வைத்து, உடனே பிரித்தாக வேண்டும். மாதிரி பேருந்தில் வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்து, அளவு பொய்யாகக் குறைந்து, பிட்யூட்டரி நோயாளி ஒருவர் அட்ரீனல் ஸ்கேனுக்கு அனுப்பப்பட்டதை நான் கண்டிருக்கிறேன். இரத்தம் எடுக்கும் இடத்திலேயே ஐஸ் இருக்கிறதா என்று நீங்கள் கேட்டால், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஏ.சி.டி.எச். மிகுதி என்று தெரிந்த பிறகு உங்கள் 4 மி.மீ. புள்ளிக்குப் பொருள் வரும். கட்டி 10 மி.மீ. அளவுக்கு இருந்தால் அதுவே மூலம் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். 6 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் அந்தத் துணிச்சல் கூடாது. அப்போது தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாய்களைச் செலுத்தி, பிட்யூட்டரியிலிருந்து இரத்தம் வடியும் இருபக்கக் குழிகளிலும் கையிலும் ஒரே நேரத்தில் இரத்தம் எடுத்து ஏ.சி.டி.எச். அளவை ஒப்பிடுவார்கள். மூளையருகே உள்ள அளவு கையில் உள்ளதைவிட இரு மடங்கு, தூண்டும் ஊசி போட்ட பிறகு மும்மடங்கு இருந்தால், சுரக்கும் இடம் பிட்யூட்டரிதான். கை பழகியவர்கள் உள்ள சில மையங்களில் மட்டுமே செய்யக்கூடிய சோதனை இது. வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், சென்னை மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் நாளமில்லாச் சுரப்பிகளுக்கென்று தனித் துறைகள் இருக்கின்றன. இப்போது பார்க்கும் மருத்துவரிடமே அத்தகைய துறைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். நீரிழிவு மருத்துவர் எல்லோரும் ஹார்மோன் மருத்துவர் அல்லர், டி.எம். எண்டோகிரைனாலஜி படித்தவரையே தேடுங்கள்.

குஷிங் நோய் என்று உறுதியானால் முதல் சிகிச்சை அறுவைதான். மண்டையைத் திறக்க மாட்டார்கள். மூக்கின் வழியே எண்டோஸ்கோப் என்னும் கேமராக் குழாயைச் செலுத்திக் கட்டியை மட்டும் எடுப்பார்கள். சிறிய கட்டியாக இருந்து, இதில் நிறைய அனுபவமுள்ள மருத்துவர் செய்தால் நூற்றுக்கு எண்பது பேர் அளவில் நோய் அடங்குகிறது. பிட்யூட்டரி ஆபரேஷன் ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று மருத்துவரிடம் நேரிலேயே கேளுங்கள். கட்டி சிறிதாக இருக்கும்போது எடுப்பவரின் அனுபவம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வீட்டுக்குப் பக்கம், அறை வசதி என்று பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமோ, ஆசிரியர் என்ற முறையில் உங்களுக்குள்ள பணியாளர் காப்பீடோ எது பொருந்தும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். அறுவை முழுப் பலன் தராதவர்களுக்கும் கீட்டோகொனசோல், கேபர்கோலின் போன்ற மருந்துகள், கதிர்வீச்சு, கடைசி வழியாக இரு அட்ரீனல்களையும் எடுப்பது என்று அடுத்தடுத்த வழிகள் இருக்கின்றன. கீட்டோகொனசோல் பூஞ்சைக்கான மாத்திரைதானே என்று தாமாகவே வாங்கிச் சாப்பிட்டவர்களும் உண்டு. கல்லீரலைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து அது.

அதுவரை உங்கள் உடம்பு ஆபத்தான நிலையில் இருக்கக்கூடும் என்று எண்ணி நடந்துகொள்ளுங்கள். கார்ட்டிசால் மிகுந்தவர்களுக்கு இரத்தம் எளிதில் உறையும்: ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். எதிர்ப்புச் சக்தி குன்றுவதால் நோய்த்தொற்று வரும். காய்ச்சலும் வயிற்று வலியும் பெரிதாகத் தெரியாமலே உள்ளே முற்றிவிடும். அதனால் சிறு காய்ச்சலையும் அலட்சியம் செய்யக் கூடாது. பொட்டாசியம், எலும்பின் அடர்த்தி இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும், நோய் வேறு என்று தெரிந்துவிட்டதே என்று நிறுத்திவிட வேண்டாம். அறுவைக்கு முன் அவை கட்டுக்குள் இருந்தாக வேண்டும்.

தூக்கமின்மையையும் அழுகையையும் கடிதத்தின் கடைசியில் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். கார்ட்டிசால் மூளையிலும் வேலை செய்கிறது. மனச்சோர்வும் எரிச்சலும் மறதியும் இந்த நோயின் உறுப்புகளே. மூன்று ஆண்டுகளாக யாரும் நம்பாத வேதனை வேறு அதன் மேல் சேர்ந்திருக்கிறது. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப்பார்த்தாலும் பரிசோதனை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள், இரவு நேரமானால் 104 அல்லது 14416 என்ற எண்ணை அழைத்துப் பேசுங்கள்.

அறுவைக்குப் பிறகு நடப்பதை முன்பே அறிந்திருந்தால் பயம் பாதி குறையும். கட்டி போனதும் கார்ட்டிசால் அடிமட்டத்துக்கு விழும். நல்ல செய்தி அதுதான். ஆனால் மிகுதிக்குப் பழகிய உடம்புக்கு அது பட்டினி போலத் தெரியும். மூட்டெல்லாம் வலிக்கும், குமட்டும், தோல் உரியும், படுக்கையை விட்டு எழ மனம் வராது. ஆபரேஷன் செய்து முன்னைவிட மோசமாகிவிட்டதே என்று பலர் அழுவது இந்த வாரங்களில்தான். அது நோய் திரும்பியதற்கு அல்ல, போனதற்கு அடையாளம். முதல் இரண்டு வாரங்களில் அடங்காத தாகம், மூக்கிலிருந்து தண்ணீர் போல் ஒழுகுதல், கடுந்தலைவலி, குழப்பம் இருந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். சோடியம் குறைவது இந்த நாட்களில் வழக்கம். தூங்கிப்போன சுரப்பிகள் விழித்துக்கொள்ள ஆறு மாதம் முதல் ஓராண்டு, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்; அதுவரை ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். காய்ச்சல் வந்தால் அளவை இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் 100 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி உடனே போட்டாக வேண்டும். அந்த ஊசி மருந்து வீட்டில் எப்போதும் இருக்கட்டும், உங்கள் கணவர் அதைப் போடக் கற்றுக்கொள்ளட்டும். ஸ்டீராய்டு எடுத்துக்கொள்கிறேன் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை ஒன்று உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும்.

முகம் மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வரும். கோடுகள் முற்றிலும் மறையாது, வெளுத்து அடங்கும். பிரஷரும் சர்க்கரையும் பலருக்குத் தணிகின்றன, சிலருக்கு ஓரளவு நீடிக்கின்றன. எலும்பு பல ஆண்டுகளில் தேறும். நோய் மீண்டும் வருவதும் உண்டு. ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை இந்தப் பரிசோதனைகளைத் தொடர வேண்டும். குந்தி எழும்போது மறுபடி கை கதவு நிலையைத் தேடினால் ஆண்டு முடியும் வரை காத்திருக்க வேண்டாம். குழந்தையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நோய் மிகுந்திருக்கும்போது கரு தங்குவதே அரிது. தங்கினாலும் தாய்க்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் முற்றும், கருச்சிதைவும் குறைப்பிரசவமும் நேரும். அதனால் இப்போது கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சோதனையைக் கெடுக்கும் மாத்திரையை அதற்குத் தேர்ந்தெடுக்காமல் வேறு வழியை மருத்துவரிடம் கேளுங்கள். நோய் அடங்கிய பிறகு பெரும்பாலானோருக்கு மாதவிடாய் தானாகவே திரும்புகிறது. 36 வயதில் இந்தக் கதவு மூடிவிடவில்லை.

மருத்துவரிடம் போகும்போது மருந்துப் பையோடு பழைய புகைப்படங்கள் நான்கைந்தையும் எடுத்துப்போங்கள். பள்ளி ஆண்டு விழாக் குழுப்படங்கள் இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் ஒரே வரிசையில் நின்று எடுத்தவையாக இருக்கும். முகம் எந்த ஆண்டு மாறத் தொடங்கியது என்று அவற்றைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். பள்ளி நாளில் கேனைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கும் கழிப்பறைக்கும் அலைய முடியாது என்பதால் சிறுநீர்ச் சேகரிப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கித் திங்கட்கிழமை காலையில் முடித்து, பள்ளிக்குப் போகும் வழியில் கொடுத்துவிடுங்கள். முடிவுகள் வந்ததும், ஆய்வகத்தின் அளவுகோலும் தெரியும்படி அவற்றைப் படியெடுத்து எனக்கு அனுப்புங்கள். உங்கள் மருத்துவரோடு சேர்ந்து நானும் பார்க்கிறேன்.